காவிரி டெல்டாவில் புதிய டவர் லைன் திட்டமிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

டெல்டாவில் டவர் லைன் பற்றிய பேச்சு மின்சாரத்தில் தொடங்கினாலும் சீக்கிரமே தண்ணீருக்கு வந்துவிடும். தஞ்சாவூரிலிருந்து கடல் வரைக்கும் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கம் இல்லாத தட்டை நிலம். ஒரு கன்னி வாய்க்கால் (வயலுக்குப் பிரியும் சிறு கிளை வாய்க்கால்) நாலு நாள் அடைபட்டால் கீழே இருக்கிற வயலெல்லாம் நாற்று அழுகும். இங்கே 230 கே.வி (கிலோவோல்ட்), 400 கே.வி லைன் திட்டமிடுகிறவர் மின் கணக்கை எவ்வளவு சுத்தமாகப் போட்டாலும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த மாதம் வயல் காய்கிறது என்ற இரண்டையும் முதல் நாளே சேர்த்துக்கொள்ளாவிட்டால் திட்டம் வருடக்கணக்கில் இழுக்கும்.

திட்டப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் பொறியாளரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தன் ஊர் வழியாக லைன் வருகிறது என்று கேள்விப்பட்டு, கூட்டத்தில் என்ன கேட்பது என்று யோசிக்கும் ஊராட்சித் தலைவருக்கும் விவசாயிக்கும்கூட இது உதவும்.

முதல் படி: குறை எங்கே என்று கண்டுபிடியுங்கள்

சித்திரை மாதம் இரவு எட்டு மணிக்கு ஏசி இழுக்கவில்லை, மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று புகார் குவிந்தால், "பெரிய லைன் வேண்டும்" என்று உடனே தீர்மானம் போட்டுவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். பல இடங்களில் குறை தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலோ, ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும், அளவுக்கு மீறி நீட்டிய 11 கே.வி ஃபீடர் லைனிலோ இருக்கும். அதற்கு டவர் லைன் மருந்து இல்லை.

பிரித்துப் பார்ப்பது எளிது. துணை மின்நிலையத்தில் மணிக்கு மணி எழுதும் பதிவேட்டை எடுத்து 110 கே.வி பஸ் வோல்டேஜை, அதாவது லைன்களெல்லாம் வந்து சேரும் பொதுக் கம்பியின் மின்னழுத்தத்தை, பாருங்கள். மத்திய மின்சார ஆணையத்தின் திட்டமிடல் கையேடு 110 கே.விக்கு 99 முதல் 121 வரையும், 230 கே.விக்கு 207 முதல் 245 வரையும், 400 கே.விக்கு 380 முதல் 420 வரையும் வரம்பு வைத்திருக்கிறது. பஸ் வோல்டேஜ் 108, 109 என்று நன்றாக நிற்கும்போதே ஊரில் விளக்கு மங்கினால் அது பகிர்மானப் பிரிவின் வேலை. உச்ச நேரத்தில் பஸ்ஸே 100-க்குப் பக்கத்தில் தொங்கினால்தான் நம் வேலை தொடங்குகிறது. அப்போதும் முதலில் வோல்டேஜைத் தூக்கிப்பிடிக்கும் கெபாசிட்டர் பேங்க் போதுமா என்று பாருங்கள். ஃபில்டர் பாயிண்ட் (ஆழமில்லாத குழாய்க் கிணறு) மோட்டார்கள் பவர் ஃபேக்டரை, அதாவது வரும் மின்சாரத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கை, கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். கெபாசிட்டர் சில மாதங்களில் வந்துவிடும், லைன் வராது.

வோல்டேஜ் சரியாக இருந்தாலும் லைன் தேவைப்படும் இன்னொரு நிலைமை உண்டு. ஏதாவது ஒரு லைனோ ஒரு டிரான்ஸ்ஃபார்மரோ போனாலும் மிச்சமிருப்பவை லோடு முழுவதையும் தாங்க வேண்டும் என்பது திட்டமிடலின் அடிப்படை விதி. பொறியாளர்கள் இதை என் மைனஸ் ஒன் என்பார்கள். டெல்டாவுக்கு இந்த விதி ரொம்ப முக்கியம், ஏனென்றால் கிழக்கே கடல். மின்சாரம் மேற்கே திருச்சிப் பக்கத்திலிருந்தும் வடக்கே நெய்வேலிப் பக்கத்திலிருந்தும்தான் பெரும்பாலும் வர வேண்டும். வாய்க்கால் தண்ணீருக்கு இருப்பதுபோலவே மின்சாரத்துக்கும் கடைமடை உண்டு. வேதாரண்யம், முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி எல்லாம் அந்தக் கடைமடை.

இந்த விதியைக் காகிதத்தில் நிறைவேற்றிவிட்டுத் தரையில் கோட்டைவிடும் வழி ஒன்று இருக்கிறது. ஒரே டவரில் இரண்டு சர்க்யூட் (தனித்தனி மின்பாதை) போட்டால் கணக்குப்படி ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கும். புயலில் டவரே சாய்ந்தால் இரண்டும் சேர்ந்து போகும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதைப் பார்த்த பிறகும், கடலோர நிலையத்துக்கு இரண்டாவது வழி கேட்கும்போது அதே டவரில் இன்னொரு சர்க்யூட் கட்டிக்கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். இரண்டாவது வழி வேறு திசையிலிருந்து வர வேண்டும்.

இரண்டாம் படி: லைன் போடாமல் முடிக்க வழி உண்டா?

புது வழித்தடம் கேட்கும் முன் நாலு மாற்றுகளைக் கணக்குப் போட்டுக் கோப்பில் வையுங்கள். பிற்பாடு ஆட்சியர் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் முதல் கேள்வியே இதுதான்.

இருக்கிற டவரிலேயே பழைய கண்டக்டரை (மின்சாரம் போகும் கம்பியை) இறக்கிவிட்டு, அதிக வெப்பத்திலும் அதிகம் தொங்காத புது வகைக் கண்டக்டரை ஏற்றலாம். ஒற்றை சர்க்யூட் மட்டும் கட்டப்பட்ட இரட்டை டவரில் மறுபக்கக் கை காலியாக இருந்தால் அதில் கம்பி இழுக்கலாம். பக்கத்தில் போகும் 230 கே.வி லைனை வெட்டி உள்ளே கொண்டுவந்து வெளியே அனுப்பலாம். இதை லைலோ என்பார்கள், சில கிலோமீட்டர் வேலையோடு முடியும். 230 கே.வியை 110 ஆகக் குறைக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்தான் மேலே திணறுகிறது என்றால் அங்கேயே இன்னொன்று வைத்தால் போதும். நெல் வயலைத் தொடாமல் முடிகிற வேலையை வயலைத் தொட்டு முடிப்பது எனக்குத் திறமையாகத் தெரியவில்லை.

கேபிளைப் பூமிக்கடியில் போடக் கூடாதா என்று எல்லாக் கூட்டத்திலும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சென்னையில் 110, 230 கே.வி கேபிள்கள் மண்ணுக்குள்தான் போகின்றன. ஆனால் செலவு பல மடங்கு. பழுது வந்தால் கண்டுபிடித்துத் தோண்டிச் சேர்க்க நாள் கணக்கு. அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும் வயலுக்கு நடுவே ஜாயின்ட் போடுவதை நினைத்துப் பாருங்கள். ஊருக்குள் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குக் கேபிளைக் கேளுங்கள், அதில் வாதம் இருக்கிறது. முழு வழித்தடத்துக்கும் கேட்டால் "முடியாது" என்ற ஒரே பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

மூன்றாம் படி: எத்தனை கே.வி?

மனக்கணக்காக ஒன்று. 110 கே.வியில் 400 ஆம்பியர் போனால் சுமார் 76 எம்.வி.ஏ (மெகாவோல்ட் ஆம்பியர், லைன் சுமக்கும் மின்சார அளவு). அதே 400 ஆம்பியர் 230 கே.வியில் சுமார் 159 எம்.வி.ஏ. மாற்றிச் சொன்னால், ஒரே அளவு மின்சாரத்தை ஒரே தடிமன் கம்பியில் 230 கே.வியில் அனுப்பினால் கம்பி சூடாகி வீணாகும் இழப்பு 110 கே.வியில் ஆகும் இழப்பில் கால் பங்குக்கும் கீழே வந்துவிடும். அதற்காக எல்லாவற்றையும் 400 கே.விக்குத் தூக்க முடியாது; வழித்தட அகலம் கூடிக்கொண்டே போகும். 110 கே.விக்கு 22 மீட்டர், 230 கே.விக்கு 35 மீட்டர், இரட்டை சர்க்யூட் 400 கே.விக்கு 46 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 மீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு எட்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். டெல்டாக் கணக்கில் ஒரு வேலி ஆறு மா.

இங்கே ஒரு பழைய பாடம் கண்முன்னே நிற்கிறது. நாகப்பட்டினம், கடலூர் கரையில் தனியார் அனல்மின் நிலையங்கள் வரிசையாக வரும் என்று எதிர்பார்த்து, அந்த மின்சாரத்தைச் சேலம் வழியாகக் கர்நாடகத்துக்குக் கொண்டுபோக 765 கே.வி தரத்தில் லைன் திட்டமிட்டார்கள், தொடக்கத்தில் 400 கே.வியில் இயக்குவது என்று. பரங்கிப்பேட்டைப் பக்கம் 1,200 மெகாவாட் நிலையம் வந்தது. வரும் என்று சொன்ன மற்றவற்றில் பெரும்பாலானவை கட்டப்படவே இல்லை. லைன் திட்டமிடுகிறவர் வருங்கால உற்பத்தியை விண்ணப்பத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது. நிலம், எரிபொருள், கடன் மூன்றும் கைக்கு வந்ததா என்று பார்த்துத்தான் கணக்கிட வேண்டும். எதிர்த்திசையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். கோவில்களப்பாலில் 107 மெகாவாட், குத்தாலத்தில் 101 மெகாவாட் என்று உள்ளூர் எரிவாயுவில் ஓடும் நிலையங்கள் இருக்கின்றன. அவை முழு அளவில் ஓடும் நாள், பாதியில் ஓடும் நாள், ஓடவே ஓடாத நாள் என்று மூன்று விதமாகவும் லோடு ஃப்ளோ (எந்த லைனில் எவ்வளவு மின்சாரம் போகும் என்ற கணினிக் கணக்கு) ஓட்டிப் பாருங்கள். ஓடாத நாளில்தான் உங்கள் லைனின் உண்மையான தேவை தெரியும்.

லோடுக்கும் ஒரே கோடை உச்சத்தை வைத்து முடிக்காதீர்கள். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்த வருடமும் திறக்காத வருடமும் டெல்டாவில் இரு வேறு லோடு. ஆற்றில் தண்ணீர் வராத வருடம் ஃபில்டர் பாயிண்ட் மோட்டார்கள்தான் குறுவையைக் காப்பாற்றும். அந்த வருடத்துப் பதிவேடு உங்களுக்குத் தங்கம்.

நான்காம் படி: வழித்தடம்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். இரண்டு நிலையங்களுக்கும் நடுவே நேர்கோடு போட்டு, அதிலிருந்து எவ்வளவு குறைவாக விலகுகிறோம் என்று பார்ப்பது வழக்கம். குறைந்தது மூன்று மாற்று வழிகளை ஒப்பிட்டு அறிக்கை வைக்க வேண்டும். செயற்கைக்கோள் படம் ஆரம்பத்துக்குப் போதும். ஆனால் மாசி மாதம் எடுத்த படத்தை மட்டும் பார்த்தால் டெல்டா முழுவதும் காய்ந்த மைதானமாகத் தெரியும். கார்த்திகையில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எது வடிகால், எது படுகை என்று புரியும்.

டெல்டாவின் ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகின்றன. கிழக்கு மேற்காகப் போகும் லைன் இரண்டு ஆறுகளுக்கு நடுவேயுள்ள மேட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். வடக்கு தெற்காகப் போவது எல்லா ஆற்றையும் தாண்டியாக வேண்டும். கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்கு லைன் இழுத்தால் அரசலாறு, திருமலைராஜன் ஆறு, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று வரிசையாக வரும், நடுவில் வாய்க்கால்கள் கணக்கில்லை. இவற்றில் பெரும்பாலானவற்றை 350 மீட்டர் ஸ்பேனில் (இரண்டு டவர்களுக்கு நடுவேயுள்ள தூரம்) கரைக்குக் கரை தாண்டிவிடலாம். கொள்ளிடம் அப்படி இல்லை. அகலமான இடத்தில் ஆற்றுக்குள்ளேயே டவர் நிறுத்த வேண்டிவரும். 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் கொள்ளிடத்தில் உபரி நீர் போனபோது திருச்சியில் ஆற்றுக்குள் இருந்த உயர் அழுத்த மின்கோபுரம் சாய்ந்ததை எல்லோரும் பார்த்தோம். ஆற்றுக்குள் டவர் என்றால் ஆழமான பைல் அடித்தளம், மணல் அரிப்பு எவ்வளவு ஆழம் போகும் என்ற கணக்கு, நீர்வளத் துறையின் வெள்ள அளவு மூன்றும் இல்லாமல் வரைபடத்தில் புள்ளிகூட வைக்காதீர்கள். கொஞ்சம் சுற்றிப் போனாலும் ஆறு குறுகும் இடத்தில் தாண்டுவதே நல்லது.

விலகிப் போக வேண்டியவற்றைத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டி, கோடியக்கரை நான்கும் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ள நீர்நிலைகள். ஐப்பசியிலிருந்து மாசி வரை பறவைகள் விடியற்காலையில் ஏரியிலிருந்து வயலுக்கும் மாலையில் திரும்பவும் தாழப் பறக்கும். ஏரிக்கும் அவை மேயும் வயலுக்கும் குறுக்கே லைன் போனால் டவர் உச்சியில் போகும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய எர்த் வயரில்தான் அதிகம் அடிபடும். சுற்றிப்போக வழியே இல்லாத இடத்தில் எர்த் வயரில் பறவை விலக்கிகளை மாட்டுவதை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றும் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் சின்னச் சின்னக் கோயில்களும் டெல்டாவில் நிறைய இருக்கின்றன, அவற்றைத்தான் மறந்துவிடுவார்கள். மத்தியத் தொல்லியல் துறையின் சின்னம் என்றால் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை, அதற்கப்புறம் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் எதுவும் கட்ட முடியும். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் டவர் உயரத்துக்கு அவர்களின் சம்மதமும் வேண்டும். அங்கே கடைசி நேரத்தில் போய் நிற்பது நல்லதல்ல.

வேறு மாவட்டத்துக்காரர்களுக்குத் தோன்றாத ஒன்று எரிவாயுக் குழாய். நரிமணம், அடியக்கமங்கலம், குத்தாலம், கோவில்களப்பால் என்று எண்ணெய் வயல்களிலிருந்து இரும்புக் குழாய்கள் மண்ணுக்கடியில் போகின்றன. குழாயும் லைனும் கிலோமீட்டர் கணக்கில் அடுத்தடுத்து இணையாகப் போனால் குழாயில் மின்னழுத்தம் தூண்டப்படும். வால்வைத் தொடும் தொழிலாளிக்கு ஆபத்து, குழாய்க்கு அரிப்பு. முடிந்தவரை குறுக்காக, செங்கோணத்துக்குப் பக்கமாகத் தாண்டுங்கள்.

கடைசியாகத் திருப்பங்கள். லைன் நேராகப் போகும் இடத்தில் நிற்கும் சஸ்பென்ஷன் டவரைவிட, 30 டிகிரிக்கு மேல் திரும்பும் இடத்தில் நிற்கும் டென்ஷன் டவருக்கு இரும்பும் கான்கிரீட்டும் பல மடங்கு ஆகும். ஒரு செல்வாக்கான ஆளின் தோப்பைச் சுற்றிப்போக இரண்டு திருப்பம் கூடினால், அந்தச் செலவு மொத்தத் திட்டத்தின் தலையில். ஊர்க்காரர்களும் இந்தத் திருப்பங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். "இங்கே ஏன் வளைந்தது?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத வளைவு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஐந்தாம் படி: டவரை எங்கே ஊன்றுவது

வழித்தடம் முடிவானதும் ஒரு கிலோமீட்டருக்கு மூன்று டவர் என்ற கணக்கில் இடம் குறிப்பார்கள். கணினி நிரல் தானாகக் குறித்த இடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு புள்ளிக்கும் நேரில் போங்கள். போகும்போது புலப்பட நகலையும் அந்த வயலைச் சாகுபடி செய்கிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வயல் நடுவில் நிற்கும் டவருக்கும் வரப்போரம் நிற்கும் டவருக்கும் விவசாயிக்குப் பெரிய வித்தியாசம். நடுவில் நின்றால் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் ஒவ்வொரு தடவையும் சுற்றித் திரும்ப வேண்டும், நாலு காலுக்கு நடுவே களை மண்டும், எலி வளை போடும். பத்துப் பதினைந்து மீட்டர் முன்னே பின்னே தள்ளினால் வரப்பு மூலைக்கு வந்துவிடும் என்றால் தள்ளுங்கள். ஸ்பேன் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். இன்னொன்றையும் பாருங்கள்: டவர் காலுக்கு மண் போட்டு மேடாக்கும்போது வயலுக்கு வயல் தண்ணீர் பாயும் மடை அடைபடுகிறதா? டெல்டாவில் பல வயல்களுக்குத் தனி வாய்க்கால் கிடையாது, மேல் வயல் வழியாகத்தான் தண்ணீர் வரும். ஒரு டவர் ஒரு மடையை அடைத்தால் கீழே பத்து பேருக்குச் சண்டை.

தரைக்கும் கம்பிக்கும் நடுவே இருக்க வேண்டிய குறைந்தபட்ச உயரம் 110 கே.விக்கு 6.1 மீட்டர், 230 கே.விக்கு 7 மீட்டர், 400 கே.விக்கு 8.8 மீட்டர். கடும் வெயிலில் முழு லோடு போகும்போது கம்பி மிகவும் தொங்கும் நிலையில் இந்த உயரம் இருக்க வேண்டும். நெல் கொட்டும் குழாயை நிமிர்த்திக்கொண்டு வரப்பு ஏறும் அறுவடை இயந்திரத்தையும், வைக்கோல் உயரமாக அடுக்கிய லாரியையும், நாளைக்கு யாராவது மண்ணடித்து மேடாக்கப்போகும் இடத்தையும் நினைத்துப் பார்த்தால் குறைந்தபட்சத்தோடு நிற்க மனம் வராது. பாதை குறுக்கிடும் ஸ்பேன்களில் ஒன்றிரண்டு மீட்டர் கூட்டிக் கேளுங்கள். செலவு பெரிதாக ஏறாது.

ஆறாம் படி: மண், காற்று, உப்பு

மண் பரிசோதனையை வறண்ட மாதத்தில் மட்டும் செய்து முடிக்கக் கூடாது. களிமண், வண்டல், அடியில் மணல் என்று மூன்றும் மாறிமாறி வரும். நிலத்தடி நீர் மழைக்காலத்தில் கிட்டத்தட்டத் தரை மட்டத்துக்கே ஏறும். ஆகவே அடித்தளத்தைத் தண்ணீரில் மூழ்கிய நிலைக்குத்தான் வடிவமைக்க வேண்டும், அதில் கான்கிரீட் அளவு கூடும். கடலோரத்தில் உப்பு நீர் கம்பியைத் தின்னும். இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்ட் கேளுங்கள்.

காற்றுக்கு இந்தியத் தர அமைப்பின் வரைபடப்படி கடலோரப் பட்டை வினாடிக்கு 50 மீட்டர் வேக மண்டலம், திருச்சிப் பக்கம் 47. மேற்கிலிருந்து கடற்கரைக்குப் போகும் லைன் நடுவில் மண்டலம் மாறும். அந்த எல்லையைக் கணக்காகப் பிடித்து இரும்பை மிச்சம் பிடிக்கும் வேலையைக் கஜாவுக்குப் பிறகு யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். முழு லைனையும் கடுமையான மண்டலத்துக்கே வடிவமைத்துவிடுங்கள்.

கடற்கரைக்குப் பக்கத்தில் இன்சுலேட்டரில் உப்பு படியும். பகலில் ஒன்றும் தெரியாது. மார்கழி, தை மாதத்தில் விடியற்காலைப் பனி அந்த உப்பை நனைத்ததும் அது மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, மழையும் காற்றும் இல்லாத நேரத்தில் லைன் ட்ரிப் ஆகும். வேதாரண்யம் உப்பளங்களை ஒட்டிப் போகும் லைனுக்குக் கசிவுத் தூரம் (மேற்பரப்பில் மின்சாரம் கசிய வேண்டிய நீளம்) அதிகமுள்ள பாலிமர் இன்சுலேட்டரையும், எஃகு நடுக்கம்பி இல்லாத அலுமினியக் கலப்புக் கண்டக்டரையும் முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

ஏழாம் படி: அனுமதிகள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், நிறைய காகிதம் என்றாலும் பாதை தெளிவானது. முதலீட்டுத் திட்டத்துக்கு மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதல். 2003 மின்சாரச் சட்டத்தின் 68-ஆம் பிரிவில் முன் அனுமதி. ரயில்வே, நெடுஞ்சாலை, நீர்வளத் துறை, தொலைத்தொடர்பு ஒருங்கிணைப்புக் குழு, விமானத் துறை. காடு வந்தால் வனத்துறை. முத்துப்பேட்டை, பிச்சாவரம் பக்கம் போனால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் லைனைத் தடுக்குமா என்று கேட்பார்கள். தடுக்காது, சாலை, மின்சாரம், குடிநீர் போன்ற உள்கட்டமைப்புக்கு அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது.

டவர் லைனுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தனியாகக் கிடையாது, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் கட்டாயமில்லை. சட்டம் கேட்கவில்லை என்பதால் விட்டுவிடுகிற அலுவலகங்கள்தான் பின்னால் போலீஸ் பாதுகாப்பு கேட்டு ஆட்சியரிடம் நிற்கின்றன.

எட்டாம் படி: நிலத்துக்காரரோடு பேசுவது

மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு, லைன் போடும் நிறுவனத்துக்கு 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தைக் கொடுக்கிறது. 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தபோதும் மின் தொடர்களுக்கு அந்தப் பழைய அதிகாரம் தொடரும் என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். நடைமுறையில் இதன் பொருள்: நிலம் உங்கள் பெயரில்தான் இருக்கும், கையகப்படுத்த மாட்டார்கள், ஆனால் டவர் ஊன்ற உங்கள் சம்மதம் கட்டாயமில்லை. தடுத்தால் ஆட்சியர் உத்தரவு போடலாம். இழப்பீட்டுத் தொகை போதாது என்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். 2018-இல் கொங்குப் பகுதியில் உயர் மின்கோபுரங்களுக்கு எதிராக விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்ததற்குப் பின்னால் இந்தச் சட்டத்தின் ஒருபக்கச் சாய்வும் இருந்தது. சட்டம் கையில் இருக்கிறது என்று முதல் சந்திப்பிலேயே காட்டுகிற பொறியாளருக்கு அந்த ஊரில் டீ கூடக் கிடைக்காது.

பணக்கணக்கைத் தெளிவாகச் சொல்லுங்கள். மத்திய மின்துறை 2024 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி டவரின் நாலு காலுக்குள் அடங்கும் இடத்துக்கும், சுற்றிலும் ஒரு மீட்டருக்கும் நில மதிப்பில் 200 சதவீதம். கம்பிக்குக் கீழேயுள்ள வழித்தடத்துக்கு 30 சதவீதம். 2015-ஆம் வருட வழிகாட்டுதலில் இவை 85-ம் 15-ம் தான். இவற்றை ஏற்பது மாநிலத்தின் கையில் இருப்பதால், உங்கள் லைனுக்கு எந்த அரசாணை பொருந்தும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரு உதாரணம். ஏக்கர் பத்து லட்சம் என்று வைத்துக்கொள்வோம். டவர் அடி பத்து மீட்டருக்குப் பத்து. இருபுறமும் ஒரு மீட்டர் சேர்த்தால் 144 சதுர மீட்டர், ஏறத்தாழ மூன்றரை சென்ட். அதற்கு இருமடங்கு என்றால் சுமார் 71,000 ரூபாய். வழித்தடத்தில் ஒரு ஏக்கர் மாட்டினால் மூன்று லட்சம். டவர் ஊன்றிய வயலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். பணம் பெரிதாக நிற்பது கம்பி போகும் வயலில். கூட்டத்துக்குப் போகும் விவசாயி வழித்தட அகலம் எத்தனை மீட்டர் என்பதை அளந்து குறிக்கச் சொல்ல வேண்டும்.

பயிருக்கு வேளாண்மைத் துறையும் தென்னை போன்ற தோட்டப் பயிருக்குத் தோட்டக்கலைத் துறையும் தனியாக மதிப்பிடும். கம்பிக்குக் கீழே நெல், உளுந்து போடலாம். தென்னை, தேக்கு, மூங்கில் வைக்க முடியாது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கஜாவில் தோப்பை இழந்து மறுபடி கன்று நட்டு வளர்த்தவரிடம், காய்ப்புக்கு வரும் மரத்தை வெட்டச் சொல்கிறோம் என்பதை மறந்துவிட்டுப் பேசாதீர்கள். தென்னந்தோப்பைத் தவிர்க்க ஒரு கிலோமீட்டர் சுற்றினாலும் சுற்றலாம் என்பது என் கட்சி.

அப்புறம் டெல்டாவுக்கே உரிய சிக்கல்: பட்டா ஒருவர் பேரில், உழுகிறவர் வேறொருவர். கோயில் நிலமும் ஆதீன நிலமும் இங்கே ஏராளம். நில மதிப்புக்கான இழப்பீடு உரிமையாளருக்கு, அதாவது கோயிலுக்கோ ஆதீனத்துக்கோ. பயிர் இழப்பீடு சாகுபடி செய்கிறவருக்குப் போக வேண்டும். பட்டாவை மட்டும் பார்த்துக் காசோலை எழுதினால் குத்தகைதாரர் வெறுங்கையோடு நிற்பார், வேலையையும் நிறுத்துவார். அடங்கலையும் (கிராமத்தின் பயிர்ப் பதிவேடு), 1969-ஆம் வருடச் சட்டப்படி உள்ள குத்தகை உரிமைப் பதிவேட்டையும் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கி, புள்ளி குறிக்கும்போதே உழுகிறவர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வாய்மொழிக் குத்தகை என்றால் பக்கத்து வயல்காரர்கள் முன்னால் வைத்து எழுதுங்கள்.

உடம்புக்கு ஏதாவது ஆகுமா என்று பெண்கள்தான் பெரும்பாலும் கேட்பார்கள். பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு மின்புலத்துக்கு மீட்டருக்கு 5 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு 200 மைக்ரோடெஸ்லா. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு லைனுக்குக் கீழே அவர்களைக் கூட்டிப்போய் மீட்டரில் காட்டிவிடுங்கள், விளக்கவுரையைவிட அது நல்லது. 400 கே.வி லைனுக்குக் கீழே தூறல் நேரத்தில் 'சிர்' என்ற சத்தம் கேட்கும், குடைக்கம்பியில் கை பட்டால் சுருக்கென்று இருக்கும். அதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தானாகத் தெரியவந்தால் நீங்கள் சொன்ன மற்ற எதையும் நம்ப மாட்டார்கள்.

ஒன்பதாம் படி: வேலைக் காலம்

ஒப்பந்தத்தில் "18 மாதம்" என்று எழுதியிருப்பார்கள். டெல்டாவில் வயலுக்குள் இறங்கிச் செய்யும் வேலைக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது. ஜூன் 12-க்கு மேட்டூர் திறந்தால் குறுவை, பின்னால் சம்பா, தாளடி. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தையிலும் மாசியிலும் அறுவடை. அதோடு வயல் காலியாகிவிடும் என்று நினைத்தால், அறுப்பதற்கு முன்பே நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். பங்குனி வரை அது நிற்கும். ஃபில்டர் பாயிண்ட் இருக்கும் ஊரில் கோடை நெல், சில ஊர்களில் பருத்தி. கூட்டிக் கழித்தால் பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி முடிய, பத்து வாரம் போல.

அந்தப் பத்து வாரத்தில் அடித்தளத்தை முடித்துவிடுவதுதான் குறி. இரும்பு, சிமென்ட், ஜல்லி, தண்ணீர் இறைக்கும் பம்பு எல்லாம் மாசிக்குள் ஊர் எல்லைக்கு வந்திருக்க வேண்டும். டவரை நிமிர்த்துவதை வாகனப் பாதைக்குப் பக்கத்தில் இருப்பவற்றிலிருந்து பயிர்க்காலத்திலும் ஓரளவு செய்யலாம். கம்பி இழுப்பதை அடுத்த வருடப் பங்குனிக்கு வையுங்கள். இரண்டு கோடை என்று முதலிலேயே எழுதிக்கொண்டால் பயிர் இழப்பீடு குறையும், சண்டை குறையும். ஒப்பந்ததாரருக்கும் நஷ்டமில்லை.

லாரி இறங்கிய தடத்தில் களிமண் இறுகிப் போயிருக்கும். வேலை முடிந்ததும் ஆழமாக உழுது, உடைந்த வரப்பையும் மதகையும் கட்டி, மடையைத் திறந்து, சாகுபடிக்காரரிடம் கையெழுத்து வாங்குவதைப் பில் பாஸ் செய்வதற்கு நிபந்தனையாக வையுங்கள். ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரி இல்லாவிட்டால் யாரும் திரும்பி வரமாட்டார்கள்.

பத்தாம் படி: சார்ஜ் செய்வதும் அதற்கு அப்புறமும்

சார்ஜ் செய்வதற்கு முன், அதாவது லைனில் முதல்முறை மின்சாரம் விடும் முன், மின் ஆய்வுத் துறையின் ஆய்வு, எர்த் ரெசிஸ்டன்ஸ் அளவு, இரு பக்க ரிலே சோதனை எல்லாம் வழக்கமானவை. லைனுக்கு மின்சாரம் கொடுக்கும் தேதியைக் கிராமங்களில் தண்டோராவோ ஆட்டோ மைக்கோ வைத்துச் சொல்லுங்கள். அதுவரை டவரில் ஆடு கட்டிப் பழகியிருப்பார்கள். தோப்புகளின் முள்கம்பி வேலி லைனுக்கு இணையாக ஓடினால் அதையும் எர்த் செய்துகொடுங்கள்.

முதல் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை முழு லைனையும் நடந்து பாருங்கள். ஆற்றங்கரை டவர்களில் மண் அரிப்பு, கம்பியை நெருங்கும் மூங்கில், திருடு போன அடிப்பகுதிக் குறுக்குச் சட்டங்கள் இந்த மூன்றும்தான் முதல் வருடத்தில் தலைவலி. ஒவ்வொரு டவரிலும் எண் பலகையோடு பிரிவு அலுவலகத்தின் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். இழப்பீடு பாக்கி இருக்கும் சர்வே எண்களின் பட்டியலை அதே அலுவலகத்தில், கேட்டால் எடுத்துக் காட்டும்படி வையுங்கள்.